இரவுக்குக் கொண்டுபோகாதீர்கள்

2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை மாலை நிஃப்டி 22,904 புள்ளிகளில் முடிந்தது. அமெரிக்க அதிபர் டிரம்ப் இறக்குமதி வரிகளை அறிவித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சீனா பதிலடி கொடுத்தது அந்த வெள்ளிக்கிழமைதான். சனியும் ஞாயிறும் நம் சந்தைக்கு விடுமுறை. திங்கள் காலை 9.15 மணிக்கு வர்த்தகம் தொடங்கியபோதே நிஃப்டி 21,758-இல் நின்றது. வழியில் வேறு எந்த விலையும் கிடையாது. 1,146 புள்ளிகள் ஒரே தாவலில் போய்விட்டன. அப்போது நிஃப்டியின் ஒரு லாட் 75. ஒரே ஒரு லாட் ஃப்யூச்சர்ஸ் வாங்கி வைத்திருந்தவருக்கும் முதல் நொடியிலேயே ஏறத்தாழ 86,000 ரூபாய் நஷ்டம். ஸ்டாப் லாஸ் போட்டு வைக்கலாமே என்பார்கள். பகலில் போட்ட ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று மாலையே காலாவதியாகிவிடும். மறுபடி போட்டிருந்தாலும், சந்தை திறக்கும் விலைக்குத்தான் விற்றுத் தரும்.

தெரிந்தே வாரக்கணக்கில் வைத்திருப்பவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடலாம் என்று இறங்கி, விலை எதிராகப் போனதும் “நாளைக்கு ஏறிவிடும்” என்று இரவுக்குத் தள்ளியவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். நம் தீர்ப்பு இதுதான்: பகல் வர்த்தகத்துக்காக எடுத்த ஃப்யூச்சர்ஸ் பொசிஷனை, நஷ்டத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இரவுக்குக் கொண்டுபோவது தவறு. அந்தப் பணம் பெரும்பாலும் வர்த்தகர் ஒருவருடையது மட்டுமல்ல, குடும்பத்தினுடையது. ஆகவே அறத்தின் கணக்கிலும் அது தவறு.

அந்த முடிவு எவ்வளவு சுலபமாக எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். ஆர்டர் போடும்போதே எம்ஐஎஸ், என்ஆர்எம்எல் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்ஆர்எம்எல் என்றால் இரவைத் தாண்டியும் தொடரும் கணக்கு. எம்ஐஎஸ் என்றால் அன்றே முடியும் கணக்கு, மாலை 3.20 வாக்கில் புரோக்கரின் கணினியே அதை ஸ்கொயர் ஆஃப் செய்து, அதாவது முடித்துவிடும். நேரம் புரோக்கருக்குப் புரோக்கர் சில நிமிடம் மாறும். அப்படிச் செய்து தருவதற்குப் பல புரோக்கர்கள் ஆர்டருக்கு 50 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்குகிறார்கள். அந்த நேரம் வருவதற்குள் பொசிஷனைத் தொட்டு, ‘கன்வெர்ட்’ என்பதை அழுத்தி என்ஆர்எம்எல் ஆக்கிவிட்டால், கணினி விட்டுவிடும். செல்போனில் இரண்டு தொடுதல். சிவப்பு எழுத்தில் தெரியும் நஷ்டம் அப்படியே இருக்கும். ஆனால் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய நேரம் நாளைக்குத் தள்ளிப்போகும்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு தடை இருந்தது. பகலுக்கு மட்டும் என்றால் மார்ஜின் எனும் பிணைத்தொகையில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டே புரோக்கர்கள் ஃப்யூச்சர்ஸ் வர்த்தகத்துக்கு அனுமதித்தார்கள். இரவுக்கு வைத்திருக்க வேண்டுமானால் மீதியைக் கட்டியாக வேண்டும். கையில் பணம் இல்லாதவர் விற்றுவிட்டுப் போனார். இந்த மலிவு மார்ஜினே பெரிய ஆபத்து என்று கண்ட சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, 2020 டிசம்பர் முதல் ‘பீக் மார்ஜின்’ விதியை முழு மார்ஜினில் 25, 50, 75 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றி, 2021 செப்டம்பரில் 100 சதவீதமாக்கியது. சரியான நடவடிக்கை அது, பாராட்டுகிறோம். இன்று நம் நாட்டில் ஃப்யூச்சர்ஸைப் பொறுத்தவரை பகல் மார்ஜினும் இரவு மார்ஜினும் ஒன்றே. ஆனால் அதன் விளைவாக, மாலையில் கூடுதலாக ஒரு ரூபாயும் கட்டாமலே பொசிஷனை இரவுக்கு நகர்த்த முடிகிறது. பணம் போட்டிருந்த தடையை இனி மனக்கட்டுப்பாடுதான் போட வேண்டும்.

சிகாகோ சந்தையில் அந்தப் பழைய நிலை இன்றும் நீடிக்கிறது. அங்கே எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் இ-மினி ஒப்பந்தத்தில் ஒரு புள்ளிக்கு 50 டாலர். சில புரோக்கர்கள் பகல் மார்ஜினாக 500 டாலர் மட்டும் கேட்கிறார்கள். பத்துப் புள்ளி எதிராகப் போனால் அது தீர்ந்தது. மாலையைத் தாண்டி வைத்திருக்க வேண்டுமென்றால் பத்தாயிரம் டாலருக்கும் மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புரோக்கரே முடித்துவிடுவார். அமெரிக்காவில் இருந்துகொண்டு இதில் இறங்கும் நம்மவர்களுக்கும் இந்தத் தலையங்கம் பொருந்தும்.

மார்ஜின் கட்டியாயிற்று, பிறகு என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. மார்ஜின் யாருக்குப் பாதுகாப்பு என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். நீங்கள் தோற்றால் எதிர்த்தரப்புக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். அதற்காகக் கிளியரிங் கார்ப்பரேஷன் பிடித்து வைக்கும் தொகை அது. உங்கள் நஷ்டத்துக்கு அது எல்லை போடுவதில்லை.

2020 ஏப்ரல் 20 அன்று நடந்தது இதற்குச் சாட்சி. ஊரடங்கு காரணமாக எம்சிஎக்ஸ் கமாடிட்டி சந்தை இரவு 11.30-க்குப் பதில் மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. அன்றோடு முடிகிற கச்சா எண்ணெய் ஒப்பந்தம் மாலை 5 மணிக்குப் பீப்பாய்க்கு 965 ரூபாயில் நின்றது. ஏற்கெனவே அதலபாதாளத்துக்கு வந்துவிட்டது, இனி எங்கே இறங்கும் என்று நினைத்தவர்கள் பொசிஷனை விடவில்லை. நம் நள்ளிரவு நேரத்தில் நியூயார்க்கில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எம்சிஎக்ஸ் அதை ரூபாயாக மாற்றி மைனஸ் 2,884 என்று கணக்கு முடித்தது. ஒரு லாட் 100 பீப்பாய். மாலையில் 96,500 ரூபாய் மதிப்புள்ள பொருளை வைத்திருந்தவர், ஒரு லாட்டுக்கு 3,84,900 ரூபாய் இழந்தார். விலை விழுந்த நேரத்தில் நம் சந்தை பூட்டிக் கிடந்தது. விற்க வழியே இல்லை. அந்தக் கணக்கை எதிர்த்துப் புரோக்கர்கள் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். சந்தை நேரத்தைக் குறைத்தது வர்த்தகர்களின் குற்றமில்லை, அவர்கள் மனக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் 5 மணிக்குப் பூட்டு விழும் என்பது அன்று காலையிலேயே எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவு பெரிய சரிவு வருடந்தோறும் வராது. சிறிய சரிவுகளே போதும். முந்தைய நாளின் முடிவு விலையை வைத்துப் போடும் எம்டிஎம் நஷ்டம் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு, இருப்பு தேவைக்குக் கீழே போகும். உடனே எஸ்எம்எஸ் வரும்: பணம் கட்டுங்கள். பற்றாக்குறைக்கு அபராதம் நாளொன்றுக்கு அரை முதல் ஒரு சதவீதம்; தொடர்ந்து மூன்று நாளைத் தாண்டினால் ஐந்து சதவீதம். கட்டாவிட்டால் புரோக்கர் உங்களைக் கேட்காமலே விற்பார். இந்த இடத்தில்தான் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகிறது, பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணம் யுபிஐயில் புரோக்கருக்குப் போகிறது. முந்தைய நாள் மாலை பத்தாயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய நஷ்டம், மனைவியிடமும் பெற்றோரிடமும் மறைக்க வேண்டிய ரகசியமாக வளர்வது இப்படித்தான்.

ஃப்யூச்சர்ஸை இரவுக்கு வைத்திருப்பது எல்லோருக்கும் தவறா? இல்லை. பஞ்சு வாங்கி வைத்திருக்கும் கோயம்புத்தூர் நூற்பாலைக்காரர் விலை இறங்கினால் அடிபடாமலிருக்க ஃப்யூச்சர்ஸ் விற்று வைக்கலாம். கையிருப்புத் தங்கத்துக்கு எதிராக நகைக்கடைக்காரரும் அதையே செய்யலாம். ஒரு பக்கம் போனது இன்னொரு பக்கம் வரும், ஏனென்றால் கிடங்கில் சரக்கு இருக்கிறது. இந்தச் சந்தை உருவானதே அவர்களுக்காகத்தான். பகல் வர்த்தகரின் பின்னால் அப்படி எந்தச் சரக்கும் இல்லை.

அப்படியானால் எப்போது முடிக்க வேண்டும்? பங்குச் சந்தையில் 3 மணிக்குள். கடைசி அரை மணி நேர விலைகளின் சராசரியை வைத்துத்தான் ஃப்யூச்சர்ஸுக்கு அன்றைய செட்டில்மென்ட் விலை நிர்ணயமாகிறது. அந்த நேரத்தில்தான் புரோக்கர்களின் தானியங்கி ஆர்டர்களும் மொத்தமாக வந்து இறங்குகின்றன. அந்த நெரிசலில் கணினி உங்களுக்காக எந்த விலையில் விற்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் கையால், உங்கள் விலையில், நெரிசலுக்கு முன்பே வெளியே வந்துவிடுங்கள். எம்சிஎக்ஸில் இரவு 11 மணி. பங்கு ஃப்யூச்சர்ஸில் இன்னொரு எச்சரிக்கை: 2019 அக்டோபரிலிருந்து அவை எல்லாமே டெலிவரியில் முடிகின்றன, ஒப்பந்தம் முடியும் வாரத்தில் புரோக்கர்கள் கேட்கும் மார்ஜின் வேகமாக ஏறும். வெள்ளிக்கிழமையும் விடுமுறைக்கு முந்தைய நாளும் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

வர்த்தகர் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தார்கள் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதில் இறங்கியவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் அதிகமானோர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு என்று காட்டியவர்கள். இது தெரிந்த பிறகும், ஆர்டருக்கு ஆர்டர் கட்டணம் வாங்கும் புரோக்கர்கள் அந்த ‘கன்வெர்ட்’ பொத்தானை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பிழையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

2024 அக்டோபரில் செபி ஒப்பந்த மதிப்பை உயர்த்தியது, வாராந்திர எக்ஸ்பைரிகளைக் குறைத்தது. அடுத்த படியாக ஒன்றைச் செய்ய வேண்டும். எம்ஐஎஸ் என்று தொடங்கி நஷ்டத்தில் இருக்கும் ஃப்யூச்சர்ஸ் பொசிஷனை அதே நாளில் என்ஆர்எம்எல் ஆக மாற்ற அனுமதிக்கக் கூடாது. இரவுக்கு வைத்திருக்க நினைப்பவர் அதை வாங்கும்போதே சொல்லட்டும். கெட்டிக்காரர்கள் விற்றுவிட்டு மறுபடி வாங்கலாம், உண்மைதான். ஆனால் விற்கிற அந்த ஒரு நொடியில் நஷ்டத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். பலருக்கு அந்த ஒரு நொடி போதும்.

செபி விதி போடும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று பொசிஷன் வைத்திருக்கிறீர்களா? 3 மணிக்குள் முடித்துவிடுங்கள். நஷ்டமானாலும், இன்றிரவே வீட்டில் சொல்லிவிடுங்கள்.