தீப்பெட்டிக்குள் வந்த விருந்தாளி

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் தீப்பெட்டியும் கையுமாய் நின்றிருந்தார். "சாமி, இதுதான் என் நெல்லைச் சுருட்டுது. மருந்து வாங்க வீட்டுக்காரி தோட்டை அடகு வச்சாச்சு" என்றார்.

பெட்டியைத் திறந்தோம். கட்டெறும்போ என்று மயங்கும்படி மெலிந்த ஒரு வண்டு. கருந்தலை, ஒடுங்கிய கழுத்து, செம்பழுப்பு முதுகின் குறுக்கே கரும்பட்டை. நீளம் 8 மில்லிமீட்டர் இருக்கலாம். உண்மையைச் சொன்னால், நாமும் அதையே குற்றவாளி என எண்ணிவிட்டோம். பின்னர் உருப்பெருக்கியால் பார்த்தபோதுதான் அது தரைவண்டுக் குடும்பத்தது என்று புலப்பட்டது.

அக்குடும்பத்தை அறிவது எளிது. நூல்போன்ற உணர்கொம்பு, முன்னோக்கி நீண்ட கூரிய தாடை, ஓட்டத்திற்கென்றே அமைந்த நீள்கால்கள். கல்லைப் புரட்டினால் பறப்பதைவிட ஓடவே முயலும். அதே கல்லடியில் வாழும் கருவண்டு வேறொன்று உண்டு, அது சோம்பேறி. ஐயம் எழுந்தால் பின்காலின் நுனிக் கணுக்களை எண்ணுங்கள். தரைவண்டுக்கு ஐந்து, மற்றதற்கு நான்கு. நம் நாட்டுத் தரைவண்டுகளை ஆராய்ந்த ஆண்ட்ரூஸ் என்பார் 1929இலும் 1935இலும் இரு பெருந்தொகுதிகள் எழுதினார். அத்தனை வகை!

தேட விரும்பும் சிறுவர், ஒரு டப்பாவை அதன் விளிம்பு மண்ணோடு மட்டமாய் நிற்கும்படி மாலையில் புதைத்து, விடியலில் பார்க்கலாம். புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். முட்புதர்க் காட்டில் ஆறு வெண்புள்ளிகளோடு திரியும் பெரிய கருவண்டும் இக்குடும்பமே. சீண்டினால் எரிக்கும் அமிலத்தைப் பீச்சும். முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். பீடச் சிறுவன் ஒருவன் இதை அறிந்த விதத்தை அவன் தாயாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் நிலையூர்க் கண்மாய்ப் பக்கம் அவருடைய வயலுக்குப் போனோம். சுருண்ட இலை ஒன்றைப் பிரித்தோம். உள்ளே பச்சைப் புழு. இலையோரங்களைப் பட்டிழையால் தைத்துக்கொண்டு பச்சையத்தைச் சுரண்டுவது அதுவே. அடுத்த சுருளில் நம் வண்டு இருந்தது. புழுவின் தலையோடு மட்டுமே மிஞ்சியிருந்தது. இவ்வண்டு அச்சுருளுக்குள் புகுந்து நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து புழுக்களைத் தின்னும். புகையானையும் விடாது. மருந்து தெளித்தால் முதலில் மடிவது இதுவாகவும் இருக்கலாம்.

விவசாயி நெடுநேரம் பேசவில்லை. "திருடனைப் பிடிச்சவனையே திருடன்னுட்டேனே" என்றார். வேளாண்மை அலுவலரையும் அழைத்துக் காட்டும்படி சொன்னோம். அவரும் பார்த்துவிட்டுப் பொறுக்கலாம் என்றாராம். சில இலைகள் வெளுத்தன, மருந்து வாங்கவில்லை.

இரு வாரம் கழித்து அவர் மனைவி காதில் தோட்டோடு கோயிலுக்கு வந்தார். கையில் மற்றொரு தீப்பெட்டி. "இது எந்த வகை சாமி?" கணுக்களை எண்ணினோம். நான்கு.