இலவச சிகிச்சைக்கு ஒரு பில்

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சாம்பியன் ரீஃப் ஆஸ்பத்திரிதான். வைத்தியம் கம்பெனி செலவு. 2001-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் அதுவும் போனது. இன்று கோலார் தங்கவயலில் பெரிய ஆபரேஷன் என்றால் பலருக்கும் பெங்களூர்தான். கையில் ரேஷன் கார்டு.

அந்தக் கார்டின் வகைதான் பில்லைத் தீர்மானிக்கிறது. 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத்-ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை இலவசம். மற்றவர்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதம்தான் கிடைக்கும். மீதி அவர்கள் தலையில். இது தெரியாமல் சண்டைக்குப் போனால் கவுன்ட்டரிலேயே தோல்வி. அரசு மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே கதை. அவசர சிகிச்சைக்கு மட்டும் விலக்கு உண்டு.

கார்டும் கடிதமும் சரியாக இருந்தும் பணம் கேட்பதுதான் வில்லங்கம். அதை யாரும் பில் என்று சொல்வதில்லை. 'அட்வான்ஸ்', 'ஸ்கேன் தனி', 'இந்த மருந்து வெளியில் வாங்குங்கள்' என்று சில்லறையாக வரும். திட்டத்தின் பேக்கேஜ் கட்டணத்திலேயே படுக்கை, டாக்டர் ஃபீஸ், பரிசோதனை, மருந்து, சாப்பாடு எல்லாம் அடக்கம். வீடு திரும்பிய பிறகு 15 நாள் மருந்தும் சேர்த்திதான். அரசிடம் வாங்கியதை நோயாளியிடம் மறுபடி வாங்க ஆஸ்பத்திரிக்கு உரிமை இல்லை.

நோயாளி உள்ளே படுத்திருக்கும்போது வெளியே நிற்கும் மகன் வாதாட மாட்டான். நகையை அடகு வைத்துக் கட்டிவிடுவான். கட்டட்டும். ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்க வேண்டும். துண்டுச் சீட்டில் கிறுக்கிய கணக்கு எங்கேயும் செல்லாது. வெளியில் வாங்கிய மருந்தின் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும். முதல் புகார் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் ஆரோக்கிய மித்ராவிடம். அடுத்து 14555 என்ற தொலைபேசி எண், மாவட்டக் குறைதீர் குழு.

அங்கும் பலிக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். கட்டணத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டினாலும் நோயாளி நுகர்வோர்தான் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டம் இன்னொரு வசதியும் தந்தது: ஆஸ்பத்திரி பெங்களூரில் இருந்தாலும் வழக்கைக் கோலாரிலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டுகள்.