எண்ணும்போது இந்து; கும்பிடும்போது குற்றவாளியா?

மக்கள் தொகைக் கணக்கு வருகிறது. 2027 மார்ச்சு 1-ஐக் கணக்கு நாளாகக் குறித்து, 2025 ஜூன் 16-இல் மத்திய சர்க்கார் அறிவிப்பு வெளியிட்டது. கணக்கெடுப்பவர் இம்முறை ஏட்டுக்குப் பதில் கைப்பேசியோடு சவ்வாது மலை ஏறுவார். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று ஊர் ஊராகச் சென்று, "மதம்?" என்று கேட்பார். பெரும்பாலோர் "இந்து" என்பர், அவரும் குறித்துக்கொள்வார். அவர்கள் வாயால் சொல்வதை மறுக்க நாம் யார்? மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, அந்த ஒரே சொல்லுக்குள் எத்தனை வகைக் கும்பிடு அடைபட்டுக் கிடக்கிறது என்பதையும், அவற்றில் எந்த வகைக்கு மட்டும் சட்டம் ஒரு காலத்தில் விலங்கு மாட்டியது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நெல்லிவாசல்நாட்டில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரள நாட்டார் என்று எண்ணிவிட வேண்டாம்; மலையை ஆள்பவர், மலையாளி. பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். காஞ்சியிலிருந்து வந்து மலையேறிய வேளாளர் வழி என்று அவர்களே சொல்லும் பழங்கதையைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னாட்டுச் சாதிகள் பற்றிய நூலிலும் காணலாம். சாமையும் தேனும் கடுக்காயும் தரும் மலையில், அவர்களுடைய சாமிக்குத் தம்மவரிலேயே ஒருவர் பூசாரி. மந்திரம் தெரிந்தவரைக் கீழிருந்து அழைத்துவர வேண்டிய தேவை அந்த வழிபாட்டில் இல்லை.

கீழ்நாட்டில் இதே நிலைக்கு எவ்வளவு பாடு! பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழகச் சட்டமன்றம் 1970-இல் சட்டம் செய்தது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. ஆனால் ஆகமப்படியே அர்ச்சகர் அமைய வேண்டும் என்று முட்டுக்கட்டையும் போட்டது. பயிற்சி பெற்ற பல சாதி இளைஞர்கள் 24 பேர் கருவறைக்குள் நுழைய 2021 ஆகஸ்டு 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு! மலையிலோ, இதற்கு எந்த அரசாணையும் வேண்டியிருக்கவில்லை.

அப்படியிருந்தும் யாருடைய வழிபாட்டுக்கு மதிப்பு? ஆகமக் கோயிலில் பதினாறு வகை உபசாரம். பாலும் தயிரும் பன்னீருமாய் அபிஷேகம். நெய்யும் பட்டும் நெருப்பில் போடும் ஓமம். அது பக்தி. மாரிக்கும் காளிக்கும் முனிக்கும் உழைப்பாளி செய்வதோ வேறு: பொங்கல் வைக்கிறான், கூழ் ஊற்றுகிறான், தீ மிதிக்கிறான், சாமியாடுபவரிடம் வாக்குக் கேட்கிறான், நேர்ந்துவிட்ட சேவலையோ ஆட்டையோ அறுத்து ஊரே கூடி உண்கிறான். இதற்கு 'சிறுதெய்வ வழிபாடு' என்று பெயர். சிறியது யார், தெய்வமா, கும்பிடுபவனா? பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பெயரோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்போம். குமாரசாமி ராஜா முதலமைச்சராயிருந்த 1950-இல், கோயில்களிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. கசாப்புக்கடையில் வெட்டலாம், ஓட்டலில் வெட்டலாம், கலியாண வீட்டில் வெட்டலாம். சாமி முன்னே மட்டும் வெட்டக்கூடாது. ஆட்டின் உயிர்மேல் இரக்கம் என்றால் கசாப்புக்கடையில் அந்த இரக்கம் எங்கே போயிற்று? ஆகவே சட்டம் காக்க வந்தது உயிரையல்ல, வழிபாட்டின் 'தரத்தை' என்பதே நம் முடிவு. தரம் என்றால் எவருடைய தரம் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஐம்பது ஆண்டுக்கு மேல் அச்சட்டம் பெரும்பாலும் அலமாரியில் உறங்கியது. 2003 ஆகஸ்டில் செல்வி ஜெயலலிதாவின் ஆட்சி அதைத் தட்டி எழுப்பி, கண்டிப்பாக அமல் செய்யும்படி கலெக்டர்களுக்கும் போலீசாருக்கும் உத்தரவிட்டது. கிராமத் திருவிழாவில் கிடாயோடு வந்த குடியானவன் திடீரென்று குற்றவாளியானான்! எதிர்ப்பு கிளம்பியது. நாத்திகரும் இடதுசாரிகளும்கூட, ஏழை கும்பிடும் முறையில் போலீசுக்கு என்ன வேலை என்று கேட்டனர். பாராளுமன்றத் தேர்தல் நெருங்கியது. 2004 பிப்ரவரியில் அவசரச் சட்டத்தால் அந்தத் தடைச் சட்டமே நீக்கப்பட்டது. வாக்குச்சீட்டு செய்த வேலை என்று அன்று பேசிக்கொண்டார்கள். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

பலியை நாம் பாராட்டுகிறோமா என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். இல்லை. கடனை வாங்கி ஆடு வெட்டிவிட்டு, வட்டிக்காரன் வாசலில் நிற்பவனைப் பார்த்துக்கொண்டே பாராட்ட நமக்கு மனம் வராது. வேண்டாம் என்று மேடை போட்டுச் சொல்வோம். கொல்லாமையை வள்ளலாரும் சொன்னார். அதற்காகத் தடியோடு எவரையும் அனுப்பவில்லை. 1867-இல் வடலூரில் தருமசாலை வைத்து அடுப்பு மூட்டினார், பசித்தவனுக்குச் சோறிட்டார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. 1950-இன் சட்டமோ இருந்த இடம் தெரியவில்லை.

வடக்கே இந்தக் கேள்வி வேறு உருவில் எழுந்துள்ளது. மரத்தையும் மண்ணையும் வணங்கும் பழங்குடியினர், "எங்களை எந்தக் கூடையிலும் போடாதே, சர்ணா என்று தனியே எழுது" என்கின்றனர். 2011 கணக்கில் ஏறத்தாழ 49 இலட்சம் பேர் அப்படியே எழுதவைத்தார்கள். தனிக் கட்டம் கேட்டு ஜார்க்கண்டு சட்டமன்றம் 2020 நவம்பர் 11-இல் தீர்மானமே போட்டது. அவர்களைத் தங்கள் பக்கம் எண்ணிக்கொள்ளத் துடிப்பவர்கள் உண்டு. எண்ணிக்கைக்கு இவ்வளவு ஆசை. அவர்கள் சேவலறுத்துக் கும்பிடுவதைக் கண்டால் மட்டும் முகம் சுளிப்பு!

சவ்வாது மலை மக்கள் தனிப் பெயர் கேட்க வேண்டும் என்று நாம் தூண்டவில்லை. அது அவர்கள் விருப்பம். ஆனால் திருப்பத்தூர் வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கணக்கெடுப்பவர் நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும் நாளில் நீங்களும் மலையேறுங்கள். மதத்துக்கு நேரே எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வீட்டார் சொன்னதைச் சொன்னபடி குறிப்பதே விதி. பழங்குடியின் பெயருக்கு நேரே 'மலையாளி' என்பது சரியாக விழுகிறதா என்று அவர்களையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிச் சீட்டும் வேலையும் நிதியும் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் வரும்.