ஈறும் ஈரலும்

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடிந்து ஒருவர் வெளியே வருகிறார். கடைவாய்ப் பல்லில் வலி. விடிய விடிய வலி. கன்னம் வீங்கி இருக்கிறது.

அவர் என்ன செய்கிறார்? நேராக மருந்துக் கடைக்குப் போகிறார். "பல்வலிக்கு இரண்டு மாத்திரை கொடுங்கள்" என்கிறார். டீயோடு விழுங்கிவிட்டுப் படுத்துத் தூங்குகிறார். வலி போய்விடுகிறது. நாலு நாளில் மறுபடியும் வருகிறது. "இனிமேல் பொறுக்க முடியாது. பிடுங்கி விடுங்கள்" என்று பல் டாக்டரின் நாற்காலியில் போய் உட்காருகிறார்.

நம்மில் பலர் செய்வது இதுதான். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால், அந்த மனிதருக்குக் கல்லீரல் கெட்டிருந்தால்? அந்த மாத்திரையும் ஆபத்து. பல்லைப் பிடுங்குவதும் ஆபத்து.

ஈறு வாயில் இருக்கிறது. ஈரல் வயிற்றில் இருக்கிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

கையில் கத்தி பட்டால் ரத்தம் வருகிறது. சிறிது நேரத்தில் தானாக உறைந்து நின்று விடுகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் தயார் செய்கிறது. கல்லீரல் சுருங்கிப் போனால் அந்த வேலை குறைந்து விடும். அதோடு மண்ணீரலும் வீங்கும். ரத்தத்தில் உள்ள தட்டணுக்களை அது பிடித்து வைத்துக் கொள்ளும். ரத்தத்தை நிறுத்த உதவும் இரண்டு வழியும் இப்படி அடைபட்டுப் போகின்றன.

காலையில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. "பிரஷ் பட்டுவிட்டது" என்று துப்பிவிட்டுப் போகிறோம். பல நேரங்களில் அது வெறும் ஈறு நோய்தான். சிலருக்கு, உள்ளே கல்லீரல் கெட்டிருப்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி. அடிக்கடி ரத்தம் வந்தால் ஒரு ரத்தச் சோதனை செய்து பார்ப்பது நல்லது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. அது கல்லீரல் நோய் அல்ல. சிறு வயதில் குடித்த ஆழ்குழாய்த் தண்ணீரில் புளோரைடு அதிகமாக இருந்ததால் வந்த கறை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. பல் பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். கண் மஞ்சளாக இருந்தால்தான் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மாத்திரைக்கு வருவோம். டைக்ளோபினாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் போன்றவை வலிக்குப் பேர் போனவை. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு இவை ஆகாது. வயிற்றில் ரத்தம் கசியச் செய்யும். சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் கூட, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது. மருந்துக் கடைக்காரருக்கு உங்கள் வயிற்றுக்குள் இருப்பது தெரியாது. நீங்கள் சொன்னால்தானே தெரியும்!

சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது. கல்லீரல் நோய் என்றால், "குடிகாரன்" என்று ஊர் சொல்லிவிடும். அதற்குப் பயந்து மறைக்கிறார்கள். மனைவிக்குக் கூடச் சொல்லாத கணவன்மார் உண்டு. ஆனால் உண்மை என்ன? குடியால் கல்லீரல் கெடுவது நிஜம். எல்லைப் பகுதியில் அந்தக் கொடுமை கொஞ்சமல்ல. அதே சமயம், ஒரு சொட்டும் தொடாதவருக்கும் கல்லீரல் கெடும். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி என்று இரண்டு வகை உண்டு. அவை ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்து அரிக்கும். சர்க்கரை நோயும் உடல் பருமனும் ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும். பெண்களுக்கும் வரும், குழந்தைகளுக்கும் வரும்.

நோய் வந்ததில் வெட்கம் வேண்டாம். பல் டாக்டரிடம் மறைப்பது உயிரோடு விளையாடுவது.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். கல்லீரலுக்கு வைத்தியம் பெங்களூரில். பல்லுக்கு வைத்தியம் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில். நடுவே சுமார் 40 கிலோமீட்டர். பெங்களூர் டாக்டர் எழுதிய கோப்பு வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. அப்படி ஒரு கோப்பு இருப்பதே ஓசூர்ப் பல் டாக்டருக்குத் தெரியாது. தமிழில் பல் என்கிறோம், தெலுங்கில் பன்னு, கன்னடத்தில் ஹல்லு. மூன்று பாஷையும் புழங்கும் ஊரில், இரண்டு டாக்டர்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம் போய்ச் சேரவில்லை!

ஆகவே, பல் டாக்டரிடம் போகும்போது அந்தக் கோப்பையும் எடுத்துக் கொண்டு போங்கள். அவர் ரத்தம் உறையும் சோதனையும், தட்டணு எண்ணிக்கையும் பார்ப்பார். தேவையானால் கல்லீரல் டாக்டரோடு பேசுவார். மரத்துப் போக ஊசி போடும்போது அளவைக் கவனிப்பார். நிலைமை மோசமாக இருந்தால், ஆஸ்பத்திரியில் வைத்துப் பல்லை எடுக்கச் சொல்வார். அதற்குக் கோபிக்க வேண்டாம்.

பல் எடுத்த பிறகு ரத்தம் நிற்காமல் வந்தால், விழுங்கிக் கொண்டே படுத்திருக்கக் கூடாது. வயிற்றுக்குள் போகும் ரத்தம் அங்கே நஞ்சாக மாறும். கெட்டுப் போன கல்லீரலால் அந்த நஞ்சை நீக்க முடியாது. அது மூளைக்கு ஏறும். நோயாளி பிதற்றுவார், மயங்குவார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இவ்வளவு ஆபத்து என்றால், பல் டாக்டர் பக்கமே போக வேண்டாம் என்று சிலர் முடிவு கட்டுவார்கள். அது அதைவிடத் தப்பு. அழுகிய பல்லில் இருந்து கிருமிகள் ரத்தத்தில் கலந்து கொண்டே இருக்கும். 2014-ல் சீன விஞ்ஞானிகள், கல்லீரல் சுருங்கியவர்களின் குடலில் வாயில் வசிக்கும் கிருமிகள் குடியேறி இருப்பதைக் கண்டார்கள். 2018-ல் அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து டாக்டர்கள், இத்தகைய நோயாளிகளின் ஈறுகளைச் சுத்தம் செய்து வைத்தியம் பார்த்தார்கள். ரத்தத்தில் நஞ்சு குறைந்தது. முன்பு மூளை மயங்கியவர்களுக்குப் புத்தித் தெளிவும் கூடியது. ஈறுக்குச் செய்த வைத்தியம் ஈரலுக்கும் உதவியது! மாற்றுக் கல்லீரல் வைப்பதற்கு முன், வாயைச் சோதித்துச் சொத்தைப் பல்லைச் சரி செய்யச் சொல்வதும் இதனால்தான்.

பக்கத்து வாணியம்பாடியில் நடந்ததை நினைத்து இன்னும் பலர் பயப்படுகிறார்கள். 2023-ல் அங்கே ஒரு பல் கிளினிக்குக்குப் போன 8 பேர் மூளையைத் தாக்கும் நோயால் இறந்தார்கள். சுத்தமில்லாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதையே மறுபடி மறுபடி உபயோகித்ததுதான் வினையானது என்று ஆராய்ந்தவர்கள் 2025-ல் எழுதினார்கள். அந்தக் கிருமி, சர்க்கரை நோயாளிகளையும் கல்லீரல் நோயாளிகளையும் எளிதில் பிடிக்கும். "கருவியைக் கொதிகலத்தில் வைத்தீர்களா, பாட்டில் புதிதா?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

பல் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதாகச் சொன்னதும் நோயாளியைத் திருப்பி அனுப்புவது நியாயமல்ல. உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை கொடுத்தால், அடுத்தவன் பொய்தான் சொல்லுவான். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. கையுறை இருக்கிறது. எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி சுத்தம் கடைப்பிடித்தால் பயம் எதற்கு?

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. மெதுவான பிரஷ், இரண்டு வேளை. செங்கல் பொடி, சாம்பல் வேண்டாம். புகையிலை அடக்குவது அறவே கூடாது. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையால் வாய் உலரும். அப்போது தண்ணீரால் வாயை நனைக்கலாம். எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

சர்க்காருக்கு ஒரு யோசனை. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுப்பதற்காக வந்த திட்டம் அது. அப்படி வாசலுக்கு வரும் ஊழியர் இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும். "பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதா? கல்லீரல் கோளாறு என்று யாராவது சொன்னார்களா?" இரண்டுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால், ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, பல் டாக்டர் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். அந்தச் சீட்டைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்தால், பெங்களூர் டாக்டரும் படித்துக் கொள்வார்.