ஓய்வு நேரத்தில் செய்த வேலை

“பாப்பாவை யார் பாத்துக்கிறா?”

மதெய்ராவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் என்னிடம் கேட்டது இதைத்தான். அது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. துறைத் தலைவர் கேட்டார். தடையின்மைச் சான்றுக் கோப்பை நகர்த்த வேண்டிய எழுத்தர் கேட்டார், கூடவே, “சார் வரலியா மேடம்?” என்றும் கேட்டார். மாடி வீட்டு அக்கா கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டு என் கணவர் அலுவலக நண்பர்களோடு ஐந்து நாள் மணாலி போய்வந்தார். அவரிடம் யாரும் பாப்பாவைப் பற்றி விசாரிக்கவில்லை. பனி கொட்டியதா என்று கேட்டார்கள்.

இருபது ஆண்டுகளாக இலக்கணம் நடத்துகிறவள் நான். கடல் கடந்து போகும் பயணம் பெண்ணோடு கூடியதாக இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. ஆண் பொருள் தேடிப் பிரிவான், பெண் வீட்டில் இருந்து நாள் எண்ணுவாள். அந்த நூற்பாவை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். அதெல்லாம் அந்தக் காலம் மேடம் என்பார்கள். அந்தக் காலம் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை நான் அவர்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

போனது டிசம்பரில், எட்டு நாள். மூன்று ஆண்டு சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். கல்லூரிக் காலத் தோழி ஒருத்தி லண்டனில் செவிலியாக இருக்கிறாள். அவளும் அவளோடு வார இறுதிகளில் நடைபோகிற பெண்களும் சேர்ந்து போட்ட திட்டம் அது. என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். பாதிப்பேர் ஈழத்துப் பெண்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். மூத்தவர் யாழ்ப்பாணத்து அக்கா, வயது அறுபத்தொன்று. “லண்டனுக்கு வந்து முப்பத்தைஞ்சு வரியம். வேலைக்கும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் இல்லாமல் நான் வெளிக்கிட்டது இதுதான் முதல்தரம்” என்றார் அவர்.

லிஸ்பனிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக் நடுவே கிடக்கிறது மதெய்ரா. போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அறுபது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் நடுவே பிக்கோ ருய்வோ சிகரம் 1,862 மீட்டர் நிற்கிறது. ஐரோப்பா உறைந்து கிடக்கும் மாதத்தில் இங்கே கடலோரத்தில் பகலில் 19, 20 டிகிரி வெயில். அதனால்தான் நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலேயர் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறார்கள். தலைநகர் ஃபுஞ்சாலில் டிசம்பர் முழுக்க மலைச்சரிவெங்கும் விளக்குகள்.

முதல் இரண்டு நாள் நாங்கள் பதினொரு பேரும் விடுமுறையில் இருக்கத் தெரியாமல் தவித்தோம். ஒருத்தி காலை ஐந்தரைக்கு எழுந்து லண்டன் வீட்டில் பிள்ளைகளை எழுப்பத் தொலைபேசியில் அழைத்தாள். இன்னொருத்தி சிலிண்டர் பதிவெண்ணைக் கணவருக்கு மூன்று தரம் அனுப்பினாள். உணவகத்தில் தட்டு வந்ததும் ஒவ்வொருத்தியும் அடுத்தவள் தட்டில் இருக்கிறதா என்று பார்த்துப் பரிமாறினாளே தவிர, யாரும் தான் முதலில் சாப்பிடவில்லை. பொரித்த சோளக்களித் துண்டுகள் ஆறிப் போயின. நான் என்ன யோக்கியம்? பாப்பாவின் சளி மருந்தை எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்று சென்னைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மலைக்குப் போனோம். தீவின் வடபுறம் மழை, தென்புறம் வறட்சி. மழைத் தண்ணீரைத் தென்புறத்துக் கரும்புக்கும் திராட்சைக்கும் கொண்டுவர, பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கி மலையின் விலாவைக் குடைந்து வாய்க்கால் வெட்டினார்கள். லெவாடா என்று பெயர். தொடக்கத்தில் பாறை வெட்டியவர்களில் அடிமைகளும் கைதிகளும் இருந்தார்கள். இன்று 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வாய்க்காலைப் பராமரிப்பவர் நடப்பதற்காக விட்ட ஒற்றையடி வரப்பில்தான் உலகமே இப்போது நடைபோகிறது. சந்தானா பக்கத்தில் கால்தெய்ராவ் வெர்டே அருவிக்குப் போகும் பாதையில் நடந்தோம். இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி ஒரு பக்கம் முழங்கால் உயரத் தண்ணீர், மறுபக்கம் பாதாளம். நடுவில் குகைவழிகள், டார்ச் வேண்டும், தலையைக் குனிய வேண்டும். அந்த இருட்டில் தொலைபேசி எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் எங்களை யாராலும் கூப்பிட முடியவில்லை. அருவியடியில் யாழ்ப்பாணத்து அக்கா செருப்பைக் கழற்றி, காலைத் தண்ணீரில் விட்டு, ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் இருந்தார். அதன்பிறகுதான் எங்கள் விடுமுறை தொடங்கியது.

நான் சண்டைபோட வந்த இடத்துக்கு இப்போது வருகிறேன்.

ஐந்தாம் நாள் ஃபுஞ்சாலில் பூத்தையல் விற்கும் கடைக்கு வழிகாட்டி அழைத்துப் போனார். மேசை விரிப்பு, கைக்குட்டை, குழந்தையின் சட்டை. லினன் துணியில் நூலிழை ஓடியிருப்பதே தெரியாத நேர்த்தி. வழிகாட்டி நல்ல மனிதர், பெருமையாகச் சொன்னார்: “எங்கள் மலைக்கிராமத்துப் பெண்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்வது.”

ஓய்வு நேரத்தில். இந்தச் சொல்லை நான் வேறொரு மொழியில், வேறொரு வீட்டில் கேட்டு வளர்ந்தவள். என் அம்மா தென்காசிப் பக்கம் முப்பது ஆண்டு பீடி சுற்றியவர். விடிகாலை சமைத்து, மாட்டைப் பார்த்து, எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சுளகை மடியில் வைத்தால் இரவு வரைக்கும் இலையும் தூளும்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி. கடையில் கொடுக்கும்போது பாதியைக் கழித்துப் போட்டால் அதற்குக் கூலி கிடையாது. “உங்க அம்மைக்கு என்ன, சும்மா இருக்கிற நேரத்துல நாலு பீடி சுத்துதா” என்பார் அப்பா. முப்பது ஆண்டும் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தச் சும்மா இருந்த நேரத்தில்.

மதெய்ராவின் கதையும் இதுவே. 1850களின் தொடக்கத்தில் திராட்சைக் கொடிகளில் நோய் விழுந்து தீவின் ஒயின் வணிகம் சரிந்தது. வீடுகளில் பசி. அப்போது அங்கிருந்த ஆங்கிலேய ஒயின் வணிகர் ஒருவரின் மகள் எலிசபெத் ஃபெல்ப்ஸ், உள்ளூர்ப் பெண்களின் பூத்தையலை இங்கிலாந்தில் விற்க ஏற்பாடு செய்தார். அந்தக் குடும்பத்தின் பெயரில் ஃபுஞ்சாலில் ஒரு சதுக்கம் இருக்கிறது. பிறகு இது பெருந்தொழிலானது. நகரத்துப் பட்டறையில் துளையிட்ட தாள் வழியாக நீல மையால் துணியில் படம் பதிப்பார்கள். முகவர் அதை மலைக்கிராமங்களுக்கு எடுத்துப் போவார். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தைத்துத் தருவார்கள். நகரத்தில் துவைத்து, இஸ்திரி போட்டு, முத்திரை குத்திக் கப்பலேற்றுவார்கள். கூலி தையல் கணக்கில். எத்தனை தையல் போட்டாள் என்று எண்ணுவதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஊசி துணிக்குள் இறங்கி ஏறுவதை எண்ணக் கருவி கண்டுபிடித்தவர்களுக்கு, அந்த ஊசியைப் பிடித்திருந்தவள் எத்தனை மணி நேரம் குனிந்திருந்தாள் என்று எண்ணத் தோன்றவில்லை. எண்ணினால் அது வேலை நேரமாகிவிடும். வேலை நேரமானால் கூலியும் பேச வேண்டிவரும். அதனால் அதற்கு ஓய்வு நேரம் என்று பெயர் வைத்தார்கள்.

அதே நகரத்தின் மேலே மோந்தே என்ற மேட்டிலிருந்து பிரம்பு வண்டியில் உட்காரவைத்துச் சறுக்கிக்கொண்டு வருகிறார்கள். வெள்ளை உடையும் வைக்கோல் தொப்பியும் போட்ட இரண்டு ஆண்கள் கயிறு பிடித்து, தங்கள் காலணியையே பிரேக்காக வைத்து, இரண்டு கிலோமீட்டர் இறக்கிவிடுவார்கள். கடினமான வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. கைதட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அதை ஓய்வு நேரத்தில் செய்வதாக எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. தைத்தவளின் வேலை மேசை மேல் விரிந்து கிடக்கிறது, அவளைக் காணவில்லை.

பெண்ணுக்கு ஓய்வு நேரம் ஏராளமாக இருக்கிறது என்று சொல்கிறவரும், ஓய்வெடுக்கப் புறப்பட்ட பெண்ணிடம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறவரும் ஒரே ஆள்தான். முதல் வாக்கியத்தால் அவள் கூலியைக் குறைக்கிறார். இரண்டாவதால் அவளை வாசலில் நிறுத்துகிறார். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: அவளுடைய நேரம் அவளுடையது கிடையாது.

இது வெறும் மனநிலை என்று தள்ளிவிட முடியாது, சட்டமாகவே இருந்திருக்கிறது. சர்வாதிகாரம் நடந்த போர்ச்சுகலில் 1969 வரை திருமணமான பெண் கணவனின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. 1972இல் மூன்று பெண்கள் சேர்ந்து ‘புதிய போர்ச்சுகீசியக் கடிதங்கள்’ என்ற நூலை எழுதியபோது அரசு அதைத் தடைசெய்து வழக்குப் போட்டது. சர்வாதிகாரம் விழுந்த 1974இல்தான் அவர்கள் விடுதலையானார்கள். நமக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மனைவி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக் கணவனின் கையெழுத்து தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சொல்ல வேண்டியிருந்தது. கையெழுத்து கேட்டு ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியதால் வந்த வழக்கு அது.

தீவின் நடுவில் நாலாபுறமும் செங்குத்து மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்குக்கும் போனோம். குர்ரால் தாஸ் ஃப்ரெய்ராஸ், கன்னியர் பட்டி என்று பொருள் சொல்லலாம். 1566இல் பிரெஞ்சுக் கடற்கொள்ளையர் ஃபுஞ்சாலைச் சூறையாடியபோது சாந்தா கிளாரா மடத்துக் கன்னியர் ஓடி ஒளிந்த இடம். மேலேயிருந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி செஸ்ட்நட் சூப் குடித்தோம். ஒரு பெண் மலையேறினாள் என்றால் துரத்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது சாமி கும்பிடப் போயிருக்க வேண்டும். சும்மா ஏறினாள், இறங்கினாள் என்று ஒரு வரி வரலாற்றில் கிடைப்பது அரிது.

என் தோழியர் சிலர் கேட்பார்கள்: சீட்டுப் பணத்தில் ஐரோப்பா போனது பெண்ணியமா? நியாயமான கேள்விதான். எங்கள் விடுதி அறையைத் தினமும் சுத்தம் செய்தவர் ஒரு பெண். நாங்கள் ரசித்துத் தின்ற கரும்புப்பாகு கேக்கை, டிசம்பர் 8 மாதா திருநாளன்று செய்து வைப்பது அந்தத் தீவின் வழக்கம். வீடுகளில் அந்த மாவைப் பிசைவது யார் கை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதற்கு மருந்து நான் போகாமல் இருப்பதென்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெண்ணைக் குற்றவுணர்வில் உட்காரவைப்பது பழைய வித்தை. முற்போக்குச் சொற்களிலும் அதைச் செய்யலாம். என் கோரிக்கை வேறு. வீட்டிலிருந்து செய்யும் வேலையை மணிக்கணக்கில் எண்ணுங்கள், குறைந்தபட்சக் கூலி கொடுங்கள், சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். பூத்தையல்காரிக்கும் பீடிக்காரிக்கும் அறை துடைப்பவளுக்கும். வீட்டு வேலையை ஆண்கள் ‘உதவி’யாகச் செய்வதை நிறுத்திவிட்டு வேலையாகச் செய்யட்டும்.

“பாப்பாவை யார் பாத்துக்கிறா?” இன்னும் பதில் சொல்லவில்லை அல்லவா. என் அம்மா பார்த்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. கணவர் வழக்கம்போல் அலுவலகம் போனார், வந்தார். நான் அருவியடியில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரம் அம்மாவின் இடுப்பிலிருந்து எடுத்தது. இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் நானும் அந்த வழிகாட்டி மாதிரிதான்.

அந்தக் கடையில் என்னால் வாங்க முடிந்தது ஒரே ஒரு கைக்குட்டை. அம்மாவிடம் கொடுத்தேன். அவர் பூவைப் பார்க்கவில்லை. திருப்பி, பின்பக்கத் தையலை விரலால் தடவினார். “ஏட்டி, இதுக்கு எவ்வளவு கூலி குடுப்பாவ?” என்றார். விலையைக் கேட்கவில்லை.

நீ எங்காவது தனியாகப் போவதென்றால் எங்கே போவாய் என்று அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். “எங்கயும் வேண்டாம்ட்டி. பத்து நாள் யாரும் என்னையக் கூப்பிடாம இருந்தா போதும்.”

மே மாதம் பத்து நாள் அம்மா குற்றாலத்தில் தன் பால்ய சிநேகிதியின் வீட்டில் இருக்கப் போகிறார். கணவர் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய அலுவலகத்தில் யாராவது அவரிடம், பாப்பாவைப் பார்க்கத்தானே அம்மா இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்கிறார் என்று பார்க்கிறேன்.