காதிரைச்சல், முதுகுவலி, மனவடு: படைவீரர் கோரிக்கைகள் நமக்குச் சொல்வது

2024 செப்ரெம்பர் 9 அன்று, படையினரதும் முன்னாள் படையினரதும் தற்கொலைகள் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழு தனது இறுதி அறிக்கையைக் கையளித்தது. நிக் கல்டாஸ் தலைமையிலான அந்தக் குழு மூன்று ஆண்டுகளுக்கு மேல் விசாரித்து 122 பரிந்துரைகளை முன்வைத்தது. 1997 முதல் 2021 வரை குறைந்தது 1,677 பேர் தற்கொலையால் இறந்தனர் என்று அது கணக்கிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் களத்தில் மாண்டோரின் தொகையைவிட இது இருபது மடங்குக்கும் அதிகம்.

இது வெள்ளைக்காரரின் விடயம், டூங்கபியிலும் பெண்டில் ஹில்லிலும் வாழும் நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். 2021 குடிசன மதிப்பீட்டில் முதல் தடவையாகப் படைச்சேவை பற்றிய கேள்வி இடம்பெற்றது. தற்போது சேவையில் இருப்போரும் முன்பு இருந்தோருமாக 5,81,000க்கும் மேற்பட்டோர் ஆம் என்று பதிலளித்தனர். நமது பிள்ளைகளிலும் சிலர் சீருடை அணிகிறார்கள். நம்மவரில் பலர் மருத்துவர்களாக, தாதியராக, இயன்மருத்துவர்களாக, முதியோர் பராமரிப்பாளர்களாக இந்த முன்னாள் வீரர்களை நாளாந்தம் பார்க்கிறார்கள். அதோடு, அவர்களைப் பீடிக்கும் நோய்களில் சில நமது வீடுகளுக்கும் நன்கு பழக்கமானவை.

முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்துக்கு வரும் கோரிக்கைகளில் திரும்பத் திரும்ப இடம்பெறும் நோய்கள் அதிகமில்லை. துப்பாக்கி, பீரங்கி, வானூர்தி இயந்திரம் ஆகியவற்றின் ஓசையால் வரும் செவிப்புலக் குறைவும், ஓயாத காதிரைச்சலும் முதல் வரிசையில் நிற்கின்றன. பாரம் சுமந்து ஓடியதாலும் குதித்ததாலும் வரும் முதுகெலும்புத் தேய்மானம், முழங்கால் மூட்டுவாதம், தோள்மூட்டுச் சேதம் அடுத்தவை. வெயிலில் கழித்த ஆண்டுகள் தோல் புற்றுநோயாக வெளிப்படுகின்றன. இவற்றோடு மனவடு நோய், மனச்சோர்வு, பதகளிப்பு, மதுப் பழக்கம் ஆகியன சேர்கின்றன. பெரும்பாலும் இவை தனித்தனியே வருவதில்லை. காதிரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கமின்மை கோபத்தை வளர்க்கும். வலியை மறக்க மது வரும். மது குடும்பத்தைப் பிரிக்கும்.

நோய் இருப்பது மட்டும் இழப்பீட்டுக்குப் போதாது. அது சேவையால் வந்தது என்பதும் நிறுவப்பட வேண்டும். இதற்கென 1994 இல் உருவாக்கப்பட்ட மருத்துவ அதிகாரசபை ஒன்று உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் எந்தெந்தக் காரணிகள் ஏற்கத்தக்கவை என்பதை அது கோட்பாட்டு அறிக்கைகளாக வெளியிடுகிறது. முதுகெலும்புத் தேய்மானம் என்றால் எவ்வளவு பாரத்தை எத்தனை ஆண்டுகள் தூக்கியிருக்க வேண்டும் என்பது வரை அவை வரையறுக்கின்றன. போர்ச்சேவையில் இருந்தவருக்கு நியாயமான கருதுகோள் ஒன்று இருந்தாலே போதும். சமாதான காலச் சேவையில் இருந்தவரோ, சேவையால் வந்ததற்கே கூடுதல் சாத்தியம் உண்டு என்று காட்ட வேண்டும். ஒரே முழங்கால், ஒரே வலி. ஆனால் அளவுகோல் வேறு.

இதற்கு மேல் 1986, 1988, 2004 ஆம் ஆண்டுகளின் மூன்று சட்டங்கள். எப்போது சேவை செய்தார் என்பதைப் பொறுத்து ஒருவருக்கே இரண்டு மூன்று சட்டங்கள் பொருந்தும். 2022 இல் வெளிவந்த இடைக்கால அறிக்கையின்போது ஏறத்தாழ 42,000 கோரிக்கைகள் தேங்கிக் கிடந்தன. இந்தத் தாமதமும் சட்டச் சிக்கலும் முன்னாள் வீரர்களின் உளநலத்தைப் பாதிக்கின்றன என்பதை ஆணைக்குழு ஒளிக்காமல் சொன்னது. உதவ வேண்டிய கதவே நோயைக் கூட்டுகிறது என்பதுதான் இதன் பொருள்.

2025 பெப்ரவரியில் நாடாளுமன்றம் இதைச் சீர்செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 2026 ஜூலை 1 முதல் புதிய கோரிக்கைகள் யாவும் திருத்தப்பட்ட 2004 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழேயே வரும். ஏற்கெனவே கொடுப்பனவு பெறுவோருக்கு அது தொடரும். சேவையோடு தொடர்புள்ளவை என்று பொதுவாக அறியப்பட்ட நோய்களை நீண்ட விசாரணையின்றி ஏற்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. இது நல்ல மாற்றம். ஆனால் சட்டத்தைச் சுருக்கினால் மட்டும் வரிசை சுருங்காது. கோப்பைத் தீர்க்கப் போதிய ஆட்களும், நோயை மதிப்பிட்டு அறிக்கை எழுதப் போதிய மருத்துவர்களும் வேண்டும்.

இந்தியாவிலும் இதே இழுபறி நடக்கிறது. சேர்க்கையின்போது நோய் எதுவும் பதியப்படாத வீரர் நலமாகவே படையில் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் சேவையால் வந்ததல்ல என்று நிறுவும் பொறுப்பு அரசினுடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்ரெம்பரில் வந்த புதிய இயலாமை ஓய்வூதிய விதிகள் முன்னாள் வீரர்களிடையே மீண்டும் எதிர்ப்பைக் கிளப்பின. சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதே அங்கும் இங்கும் உள்ள கேள்வி. உடலைக் கொடுத்தவருக்கே அது போக வேண்டும் என்பது நமது நிலைப்பாடு.

நமது குடும்பங்களில் யாராவது அவுஸ்திரேலியப் படையில் இருந்தால் மூன்று விடயங்களை அறிந்திருப்பது நல்லது. முழுநேரச் சேவையில் ஒரு நாள் இருந்தவர்கூட, காரணத்தை நிறுவாமலே உளநலச் சிகிச்சையை இலவசமாகப் பெறலாம். சேவைக் காலத்திலேயே சிறு காயத்தையும் மருத்துவப் பதிவில் ஏற்றிவிட வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்துச் சாட்சி சொல்வது அந்தத் தாள்தான். கோரிக்கையை நிரப்ப முன்னாள் படைவீரர் சங்கங்களில் பயிற்சி பெற்றவர்கள் பணம் வாங்காமல் உதவுகிறார்கள். இழப்பீட்டில் பங்கு கேட்கும் முகவர்களிடம் போக வேண்டியதில்லை.

இனி, நம்மைப் பற்றி. செல்லடியில் காது இரையத் தொடங்கியவர்களும், பங்கருக்குள் இரவைக் கழித்தவர்களும், பட்டாசு வெடித்தால் இன்றும் துணுக்குறுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளத்தாக்கம் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1998 இலேயே வெளிவந்துவிட்டது. ஆனாலும் நம்மவர் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு உளைவு என்றுதான் மருத்துவரிடம் போகிறார்கள். மனதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவர்களுக்கு நிரப்பப் படிவம் இல்லை, கோரிக்கை இலக்கம் இல்லை, தங்க அட்டையும் இல்லை. ஆனால் உதவி இல்லாமல் இல்லை. சித்திரவதையாலும் போரதிர்ச்சியாலும் பாதிக்கப்பட்டோருக்காக 1988 முதல் நியூ சவுத் வேல்ஸில் இயங்கும் ஸ்டார்ட்ஸ் நிலையம் அகதிப் பின்னணி கொண்டோருக்கு இலவசமாக உதவுகிறது. உரைபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

படைவீரர் கோரிக்கைகளின் வரலாறு காட்டுவது ஒன்றுதான். மனவடு ஒரு நோய், அது கோழைத்தனமல்ல என்று இந்த அரசு ஏற்றுக்கொள்ளப் பல தசாப்தங்கள் சென்றன. வீரர்களும் அவர்களது துணைவியரும் தாய்மாரும் விடாமல் பேசியதால்தான் அது நடந்தது. நமது வீடுகளில் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை. அதைத் தொடங்க எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை.

உடனடி உதவி தேவைப்படுவோர் லைஃப்லைனை 13 11 14 இலும், படையினரும் குடும்பத்தினரும் ஓப்பன் ஆர்ம்ஸ் சேவையை 1800 011 046 இலும் எந்நேரமும் அழைக்கலாம்.