பிக்கப்பை மாற்றும் முன்

திருவிடந்தை, கோவளம் பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கும் பிள்ளைகள், சத்தம் மந்தமானதும் புது பிக்கப்புக்குப் பணம் சேர்க்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது தந்திகளை. அடுத்து வால்யூம் குமிழ், ஜாக். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, முடியளவு மெல்லிய செம்புக் கம்பியைச் சில ஆயிரம் சுற்று சுற்றியதுதான்; லேசில் கெடாது. புதுத் தந்தி போடுங்கள். குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் தந்திக்கும் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா பாருங்கள். ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினாலே குரல் மாறுவது காதுக்குத் தெரியும்.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எட்டுத் தந்தியை ஐந்தாக்கி எலெக்ட்ரிக் மாண்டலினில் வாசித்தார். கமகத்துக்கு நாதம் நீண்டு நிற்க வேண்டியிருந்தது. அப்படித் தெளிவான தேவை இருந்தால் தாராளமாக மாற்றலாம். சிங்கிள் காயிலின் இரைச்சல் பொறுக்கவில்லையா, ஹம்பக்கர் போடுங்கள். 1955-இல் கிப்ஸனில் சேத் லவர் அதை உருவாக்கியதே அந்த இரைச்சலை அடக்கத்தான். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல ஆம்ப் வாங்கட்டும் என்பதே என் கட்சி. கையடக்க ஆம்பின் சின்ன ஸ்பீக்கரில் விலையுயர்ந்த பிக்கப்பும் பெரும்பாலும் பழையது போலவே கேட்கும்.